காலையில் கிளம்பாத கார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் பிரிவில் படித்தவன் என்பதால் ஏதாவது ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் எடுத்துக்கொண்டது கார்புரேட்டர். மாணவர்கள் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நியாயம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது பைக்கில்கூட கார்புரேட்டரைக் காண்பது அரிது. ஆனாலும் ஒரு கோளாறை எந்த வரிசையில் தேடுவது என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் செட் நண்பர் ஒருவர் குன்னூரில் இருக்கிறார். அவரிடம் அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி இருக்கிறது. 1089 சி.சி. எஞ்சின், சோலெக்ஸ் 32 பி.பி.ஐ.சி. கார்புரேட்டர். 1964இல் பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 டிலைட் என்று கிளம்பி, பின்னால் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. மும்பை டாக்சி வரிசையிலிருந்தும் 2023 அக்டோபரில் விடைபெற்றுவிட்டது. நண்பர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து, கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து, கழுவி, புது கிட் போட்டு வாங்கி வந்தார். மலை ஏறி வீட்டுக்கு வந்த வண்டி, மறுநாள் காலை ஸ்டார்ட் எடுக்கவில்லை. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். பத்து மணி வெயில் பட்ட பிறகு ஒருவழியாகப் பிடித்தது. ஒரு வாரம் இதே கதை.

மெக்கானிக்கோ, "நம்ம ஷெட்ல ஒரே செல்ஃப்ல பிடிச்சுது சார்" என்கிறார். நண்பருக்குக் கோபம். பாக்கிப் பணத்தைத் தரமாட்டேன் என்கிறார், பழைய கார் வைத்திருக்கும் நாலு பேரிடம் அந்தப் பட்டறைக்குப் போகாதே என்றும் சொல்லிவிட்டார். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிற மனிதருக்கு அது சின்ன விஷயமா? போதாததற்கு, வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அம்மா மட்டும் வாய் திறக்கவில்லையாம். அந்த நேரத்தில்தான் எனக்கு போன் வந்தது.

சூடான எஞ்சினுக்கு எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதும். குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆவியாகிற கொஞ்சம் தீப்பிடிக்கப் போதவேண்டுமானால், மிக்சர் பல மடங்கு ரிச்சாக வேண்டும். பல கார்புரேட்டர்களில் இதற்கு மேல்வாயை மூடும் தகடு இருக்கும். இந்த சோலெக்ஸில் அது கிடையாது. பக்கவாட்டில் துளை போட்ட ஒரு வட்டத் தகடு இருக்கிறது. சோக்கை இழுத்தால் அது திரும்பி, தனி ஜெட் வழியாக பெட்ரோலும் காற்றும் கலந்து த்ராட்டிலுக்குக் கீழே போய் இறங்கும். அதை இழுப்பது எஞ்சினின் உறிஞ்சல். த்ராட்டில் மூடியிருந்தால்தான் அந்த உறிஞ்சல் பலமாகக் கிடைக்கும்.

இப்போது புரிந்திருக்குமே. சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே செல்ஃப் அடித்தால், த்ராட்டில் திறந்து உறிஞ்சல் போய்விடும். சோக் இருந்தும் இல்லாத மாதிரிதான். நம்மில் பாதிப்பேருக்குக் கால் தானாகவே அங்கே போகும். வேறு வண்டியில் பழகிய பழக்கம்!

நான் குன்னூர் போனபோது கார்புரேட்டரைக் கழற்றவே விடவில்லை. முதலில் எஞ்சினை நிறுத்தியபடியே ஏர்கிளீனரை எடுத்துவிட்டு, த்ராட்டிலைக் கையால் ஒருமுறை அசைத்து மேல்வாய்க்குள் பார்த்தேன். ஆக்சிலேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சியது. அப்படியென்றால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது, பம்பும் வேலை செய்கிறது. பீய்ச்சாமல் இருந்தால், பல நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி வற்றியிருக்கும், அல்லது நீடில் வால்வு ஒட்டியிருக்கும். அடுத்து, சோக் போட்டு, மிதியைத் தொடாமல் பத்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லி, பிளக்கைக் கழற்றினேன். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இந்த ஒரு சோதனையை மட்டும் மறக்காதீர்கள், தம்பிகளே. பிளக் நனைந்திருந்தால் தீப்பொறிப் பக்கம் பாருங்கள்: பிளாட்டினம் பாயிண்ட், கண்டன்சர், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ். 12 வோல்ட் பேட்டரி அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் கார்புரேட்டரைத் திட்டிப் பயனில்லை. பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சேம்பரில் இருக்கிறது, சிலிண்டருக்கு வரவில்லை. நடுவில் இருப்பது அந்த வட்டத் தகடுதான்.

நண்பரை உள்ளே உட்காரவைத்து சோக்கை முழுக்க இழுக்கச் சொன்னேன். கார்புரேட்டர் பக்கத்து லீவர் பாதி தூரம்தான் வந்தது. கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு சென்டிமீட்டர் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. மேட்டுப்பாளையம் மதிய வெயிலில் சோக்கே இல்லாமல் வண்டி பிடிக்கும். பட்டறையில் இது தெரிய வழியில்லை. குன்னூரில் டிசம்பர் காலைக் குளிரில் பாதி சோக் பத்தாது.

இன்னொன்றும் இருந்தது. காலையில் வண்டி நின்றுவிடுகிறதே என்று நண்பர் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை நன்றாக ஏற்றிவைத்திருந்தார். அதனால் கால் வைக்காதபோதும் த்ராட்டில் லேசாகத் திறந்தே நின்றது. கோளாறுக்கு அவர் செய்த வைத்தியமே கோளாறை வளர்த்திருக்கிறது. கிளாம்பை நகர்த்தி, சோக்கை உள்ளே தள்ளினால் லீவர் முழுக்கத் திரும்பவும் மூடுகிறதா என்று பார்த்து (மூடாவிட்டால் சூட்டில் புகை கக்கும்), ஸ்க்ரூவையும் இறக்கினோம். ஜெட், பேக்கிங், ஃப்ளோட் மட்டம் எல்லாம் மெக்கானிக் போட்டபடியே சரியாக இருந்தன. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணி. சோக் முழுக்க, கால் தரையில். இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. அரை நிமிடத்தில் சோக்கைப் பாதியாக்கி, கேட் தாண்டியதும் முழுக்க உள்ளே தள்ளினோம். நண்பர் அன்றே மேட்டுப்பாளையம் போய்ப் பாக்கியைக் கொடுத்தார். அந்த நாலு பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "சோக்கைப் பார்க்கணும்னு எனக்குத் தோணலையே சார்" என்று மெக்கானிக் வருத்தப்பட்டாராம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஆவியாக அதிகச் சூடு கேட்கும், குளிரில் ஸ்டார்ட் இன்னும் கொஞ்சம் சிரமம்தான். பழைய ரப்பர் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாவற்றையும் ஊறவைத்தும் கெடுக்கும். கிட் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு பழைய சோலெக்ஸைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் பின் வரிசை மேசைக்கு வாருங்கள், அந்த வட்டத் தகட்டை நீங்களே திருப்பிப் பார்க்கலாம்.