சேற்றில் புதைந்த லாரியும் ஹைட்ராலிக் வின்ச்சும்



தை பிறந்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடை. வயல் மேலே காய்ந்த மாதிரிதான் தெரியும். நெல் ஏற்ற லாரியை இறக்கினால் அச்சு வரை உள்ளே போய்விடும். களிமண் அப்படி. இழுக்க வந்த டிராக்டரும் பக்கத்திலேயே புதைவது உண்டு. வின்ச் வைத்த லாரிக்கு அந்தத் தொல்லை இல்லை. கெட்டித் தரையில் நின்றபடியே கம்பிவடத்தை மட்டும் சுருட்டி இழுக்கும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்து விசைப்படகுக்காரர்களுக்கு வின்ச்சைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். வலையை ஏற்றுவதே அதுதான். லாரிக்கு என்று வரும்போதுதான் மின்சாரமா ஹைட்ராலிக்கா என்ற கேள்வி. மின்சார வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர் வரை பேட்டரியிலிருந்து உறிஞ்சும். சில நிமிடத்தில் மோட்டார் கொதித்துவிடும், ஆறவிட வேண்டும். ஜீப்புக்கு அது போதும். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த பிறகு இங்கே சாலைகள் கிடந்த கிடப்பை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, நாள் முழுக்க இழுக்க ஹைட்ராலிக்தான் சரி. ஒரே குறை, இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததுதான். டிப்பர் லாரியில் இருப்பது போலவே கியர்பாக்ஸில் இன்ஜினின் சக்தியை வெளியே எடுத்துத்தரும் பி.டி.ஓ., அதில் பம்ப், வால்வு. எண்ணெயின் அழுத்தம் இழுக்கும் பலத்தைத் தரும், ஓட்டம் வேகத்தைத் தரும். ஆனால் டிப்பரின் எண்ணெய்த் தொட்டியையே வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டிப்பருக்குச் சரக்குப் பெட்டியைத் தூக்கியதோடு வேலை முடிந்தது. வின்ச்சின் ஹைட்ராலிக் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சூடாகும். எண்ணெய்த் தொட்டி பெரிதாக வேண்டும், திரும்பி வரும் குழாயில் ஃபில்டர் வேண்டும், அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம் வேண்டும். பம்பரில் வெல்டு அடித்து வின்ச்சை மாட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பம்பர் கையோடு வந்துவிடும். சேசிஸின் இரண்டு பக்கமும் சேர்த்துக் கனமான தகடு வைத்து போல்ட் போட வேண்டும்.

பலம் எவ்வளவு? சரக்கோடு சேர்ந்த வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்கு என்பது பொதுக் கணக்கு. 8 டன் லாரிக்கு 12 டன். சக்கரம் பாதி புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுக்க வேண்டும். பாடி வரை போனால் மூன்று மடங்கு கூட ஆகும். அப்போது புதைந்த வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தின் நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து வின்ச் லாரியிலேயே கட்டினால் பலம் ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். டிரம்மில் வடம் அடுக்கடுக்காக ஏற ஏற பலம் குறையும், அதனால் முடிந்தவரை வடத்தை வெளியே விடுங்கள். ஐந்து சுற்றாவது டிரம்மில் மிச்சம் இருக்கட்டும்.

உங்கள் லாரியே புதைந்துவிட்டால் வடத்தை எதில் கட்டுவது? இங்கே பெரிய சிக்கல் இதுதான். கடலோரத்தில் தென்னை நிற்கும், மணலில் அதன் சல்லிவேரை நம்ப முடியாது. வயலிலோ மரமே இல்லை. இடுப்பளவு குழி வெட்டி, இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பனங்கட்டையைப் புதைத்து, அதன் நடுவில் கட்டுங்கள். வடம் வெளியே வரும் வழியையும் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டை மேலே கிளம்பிவிடும். மற்றொரு வண்டியை இழுக்கும்போது உங்கள் லாரியின் முன்சக்கரங்களுக்கு, சிதம்பரம் தேருக்குப் போடுவது போல முட்டுக்கட்டை போடுங்கள்.

இழுக்கும்போது வடத்தைத் தாண்டாதீர்கள், பக்கத்தில் ஆளை நிறுத்தாதீர்கள். அறுந்த கம்பி ஆளை வெட்டும். நடுவில் ஈரச் சாக்கைப் போட்டால் வீச்சு குறையும். கடலோரம் வேலை செய்தால் வடத்தை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள், உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும்.

வின்ச் மாட்டப் பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.