கங்காரு வாலும் கிண்டி வளாகமும்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் பைக்கை விட்டு இறங்காமலேயே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே!

எனக்குக் கொடுத்த தலைப்பு "மூலக்கூறைக் கண்டவர்கள்". தலைப்பை அறிவித்ததுமே இரண்டு பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும், கங்காரு கதை வரும்போது தானாகத் திரும்பி வருவார்கள்.

மயில்துத்தம் தெரியுமல்லவா? சுண்ணாம்போடு சேர்த்துக் கரைத்துப் பயிருக்கு அடிக்கிறோமே, அந்த நீலக் கல். 1912இல் ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில், அந்தக் கல்லில் ஒரு துண்டை நிறுத்திவைத்து எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். பின்னால் இருந்த போட்டோ தகட்டில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ரான்ட்ஜன் 1895இல் மனைவியின் கையைப் படம் பிடித்தாரே, அது நிழல். இது நிழல் இல்லை. படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியும் எக்ஸ்ரேயின் அலைநீளமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகக் கூறுபோட்டால் வரும் ஒரு கூறு, அந்தக் கணக்கு. அதனால் கதிர் சிதறுகிறது. சில திசையில் அலைகள் கூடுகின்றன, சில திசையில் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. மிஞ்சுவது புள்ளி.

கோலத்தின் கம்பியை எல்லாம் அழித்துவிட்டுப் புள்ளியை மட்டும் விட்டுவைத்தால், இந்த முன்வரிசை மறுபடியும் போட்டுக் காட்டிவிடும், காட்டாதா? ஆகா, இந்தக் கைதட்டல் போதும்! ஆனால் விஞ்ஞானிக்குக் கிடைப்பது அதைவிடச் சங்கடம். புள்ளி எவ்வளவு கருப்பு என்று படம் சொல்லும். அலை ஏறும்போது வந்து விழுந்ததா, இறங்கும்போது விழுந்ததா என்று சொல்லாது. அந்த விட்டுப்போன பாதியைக் கணக்கால் பிடிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்கின் என்று ஓர் அம்மா. இன்சுலின் படிகத்தை முதன்முதலாகப் படம் பிடித்தது 1935. உருவம் முழுசாகத் தெரிந்தது 1969. நடுவில் பெனிசிலின், பி12 என்று இரண்டையும் முடித்து நோபல் பரிசும் வாங்கிவிட்டார். விரலெல்லாம் முடக்குவாதத்தில் கோணிப்போன அந்தக் கையை வைத்துக்கொண்டு! தாய்மார்களே, இதற்கல்லவா தட்ட வேண்டும்?

மியூனிக்குக்கு வருகிறேன். யோசனை லாவே என்கிற விஞ்ஞானியுடையது. 1914க்கான நோபல் அவருக்கு. கல்லை நிறுத்தி, தகட்டை மாட்டி, காத்திருந்து கழுவி எடுத்தவர்கள் ஃபிரீட்ரிக், நிப்பிங் என்று இரண்டு பேர். இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கைகூட இல்லை. இதைத்தான் இன்றைக்கு நான் விடுவதாக இல்லை. படம் எடுத்தவர் ஒருவர், பேர் எடுத்தவர் ஒருவர்!

லண்டனில் என்ன நடந்தது? 1952 மே மாதம். டிஎன்ஏ இழையை ஈரத்தில் வைத்து நாள்கணக்கில் கதிர் பாய்ச்சி எடுத்த படம். அதற்கு 51 என்று எண். எடுத்தவர்கள் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் கோஸ்லிங்கும். அந்தப் படம் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் அடுத்த ஆண்டு, டிஎன்ஏவின் உருவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சன் கண்ணில் பட்டது. அம்மா 37 வயதில், 1958இல் இறந்துபோனார். அந்த உருவத்தைக் கண்டதற்காக 1962இல் வாட்சன் உட்பட மூன்று ஆண்களுக்கு நோபல். இறந்தவருக்குப் பரிசு கிடையாது, சரி. பேர் எடுத்த அந்த மூவரும் ஏற்புரையில் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா?

இதைச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. இப்போது சில மேடைகளில் சில பெரியவர்கள் பேசுகிறார்கள். பெயர் வேண்டாம், நீங்களே சிரிக்கிறீர்கள். எக்ஸ்ரேயா, அது எங்கள் ஓலைச்சுவடியிலேயே இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டுமய்யா! சுவடியைக் காட்டு. சுவடி இல்லையா, ஃபிலிமையாவது காட்டு! நடக்காததற்கு மாலை போடுகிறீர்களே, இதே சென்னையில், கிண்டியில், நிஜமாகவே நடந்ததே, அதற்கு ஒரு முழம் பூ வாங்கியதுண்டா? நான் கோபமாகப் பேசுவதாகத் தலைவர் நினைக்கிறார். கோபம்தான்!

கேளுங்கள். 1952. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார். கிண்டியில் புதிதாக ஓர் இயற்பியல் துறை. தலைமை ஏற்க சர் சி.வி. ராமனையே கூப்பிடுகிறார். ராமன், நான் வரவில்லை, என் மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரைக் காட்டுகிறார். வயது முப்பது. பெயர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர்.

பெர்னல் என்ற பெரிய விஞ்ஞானி லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறார். எதை எடுத்து ஆராயலாம் என்று பேச்சு வருகிறது. கொலாஜனின் உருவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்கிறார் பெர்னல். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் ஆதாரமான புரதம் அது. தோல் என்றால் எங்கே போவது? பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்! அங்கிருந்து சுறாத் துடுப்பின் கொலாஜன் வருகிறது. படம் தெளியவில்லை. பிறகு வருகிறது, கங்காருவின் வால் தசைநாண். பார்த்தீர்களா, டீக்கடைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள்!

கங்காரு வாலில் படம் தெளிந்தது. கணக்குப் போட்டார்கள். மூன்று சங்கிலிகள், ஒன்றோடொன்று பிணைந்துகொண்டு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய கண்ணி, ஏனென்றால் நடுவில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை. 1954இல் நேச்சர் இதழில் கட்டுரை. அதில் இரண்டு பெயர்கள். ராமச்சந்திரன் ஒன்று. இன்னொன்று?

கோபிநாத் கர்த்தா. நான் விடமாட்டேன் என்று சொன்னேனே, அவருக்காகத்தான்.

கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் என்று இரண்டு விஞ்ஞானிகள் பாய்ந்தார்கள். உங்கள் மாதிரியில் அணுக்கள் இடிக்கின்றன, மூன்று கண்ணிக்குச் சங்கிலிகளைச் சேர்க்கும் பிணைப்பு இரண்டில்லை, ஒன்றுதான் என்றார்கள். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதுதான் கடைசியில் நின்றது. நம் ஆள் என்பதற்காக அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று சங்கிலி? அது கிண்டியில் பிறந்தது, இன்றுவரை அசையவில்லை.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஐந்து நிமிடமாம். ஐயா, இன்சுலினுக்காக 34 வருடம் பொறுத்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறவனுக்கு ஐந்து நிமிடமா?

இடிக்கிறது என்று சொன்னார்களே, எவ்வளவு நெருங்கினால் இடிக்கும் என்று ராமச்சந்திரன் உட்கார்ந்துவிட்டார். அதுவரை தெரிந்த படிக அமைப்புகளை எல்லாம் புரட்டி, அணுவுக்கு அணு எவ்வளவு தூரம் வேண்டும் என்று எடுத்தார். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கூட உழைத்தார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று ஒரே ஒரு கட்டத்தில் வரைந்துவிட்டார்கள். 1963இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடம் அதுதான். இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் அமைப்புகள் இருக்கின்றன. டோக்கியோவில் போட்டாலும் பாஸ்டனில் போட்டாலும், புதிய புரதத்தின் அமைப்பை இந்தக் கட்டத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். சென்னைக்காரர் பரீட்சை வைக்கிறார், உலகம் எழுதுகிறது! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

நோபல் அவருக்கு வரவில்லை. 2001இல் சென்னையிலேயே காலமானார். கர்த்தா? அமெரிக்கா போய், பஃபலோ நகரத்தில், 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் முழு அமைப்பையும் வெளியிட்ட மூவரில் முதல் பெயராக நின்றார். நம் பாடப்புத்தகம் அவரைத் தேடியதா?

முடித்துவிடுகிறேன். நூலகக் குழுவினருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உள்ளே சுவரில் பெரியவர்கள் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கிறீர்கள். ராமச்சந்திரன் படம் ஒன்று மாட்டுங்கள், செலவு என்னுடையது. மாட்டும்போது தனியாக மாட்டாதீர்கள். பக்கத்தில் கர்த்தாவையும் மாட்டுங்கள், பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.