எதிர்க்கட்சியில் இருக்கும்போது மட்டும் பிடிக்கும் சுதந்திரம்

போன வாரம் நம்ம டெலிகிராம் குரூப்ல ஒரு கேள்வி வந்தது. கேட்டது முதல் தடவை ஓட்டுப் போடப் போற ஒரு காலேஜ் பொண்ணு. "அண்ணா, இன்டர்நெட்ல பயமில்லாம பேசணும், அதுதான் எனக்கு முக்கியம். அதுக்கு எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடணும்?" அவ்வளவுதான். ரெண்டு வரில பதில் போட்டுடலாம்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன். அழிச்சேன். திரும்ப டைப் பண்ணினேன், திரும்ப அழிச்சேன். நாலு நாள் ஆச்சு. சரி, எபிசோடாவே பேசிடலாம்னு வந்துட்டேன்.

முதல்ல என் ரூம்மேட் கதையைச் சொல்லிடறேன். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ரூம். இப்ப அவன் ஒரு கட்சியோட ஐடி விங்ல மீம் போடற பார்ட்டி. காசுக்கு இல்ல, ஆர்வத்துல. கட்சிப் பேர் வேண்டாம், ஊர்ப் பேரும் வேண்டாம். ஏன்னு போகப் போகப் புரியும்.

அவன் கட்சி எதிர்க்கட்சியா இருந்த சமயம். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு போன். "மச்சான், ஸ்டேஷனுக்குக் கூப்பிடறாங்க, தனியா போகப் பயமா இருக்கு, வா." போனேன். அவன் போட்ட ஒரு மீமுக்கு ஆளுங்கட்சிக்காரர் ஒருத்தர் புகார் கொடுத்திருக்கார். யாரும் அடிக்கல, திட்டக்கூட இல்ல. பெஞ்ச்ல உட்கார வெச்சாங்க. போனை வாங்கிப் பார்த்தாங்க. போஸ்ட்டை டெலீட் பண்ணச் சொன்னாங்க. வெள்ளைப் பேப்பர்ல மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னாங்க. இதுக்கே ராத்திரி ஒன்றரை மணி. எந்தச் சட்டத்துல கூப்பிட்டீங்கன்னு கேட்கணும்னு எனக்குத் தோணிச்சு. நிஜமா சொல்றேன், வாய் வரல. வெளிய வந்து டீ குடிக்கும்போது அவன் கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு.

இதை அப்படியே வெச்சுக்கோங்க. இப்ப கொஞ்சம் பின்னாடி போகலாம்.

2008 டிசம்பர் 22. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆட்சியில் காங்கிரஸ் கூட்டணி. துறை அமைச்சர் நம்ம ஊர்க்காரர், திமுகவின் ஆ. ராசா. அந்தத் திருத்தத்தில் வந்ததுதான் 66ஏ பிரிவு. கம்ப்யூட்டர், போன் வழியாக மிகவும் மனம் புண்படும்படியான தகவல் அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சல், அசௌகரியம் என்ற வார்த்தைகளெல்லாம் அந்தப் பிரிவுக்குள் இருந்தன. எங்க ஆபீஸ் கோட் ரிவ்யூல இப்படி ஒண்ணு வந்தா அப்பவே திருப்பி அனுப்பிடுவாங்க. "எரிச்சல்னா என்னப்பா, யாரோட எரிச்சல், எங்க டிஃபைன் பண்ணியிருக்கே?"

டிஃபைன் பண்ணாததோட பலன் 2012ல தெரிஞ்சது. ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்யும் படத்தை ஃபார்வர்ட் செய்ததற்காகக் கைதானார். அங்கே திரிணாமுல் ஆட்சி. அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை விடியற்காலையில் வீட்டுக்கே வந்து பிடித்தார்கள். கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றி ட்வீட் போட்டிருந்தார். புகார் கொடுத்தது கார்த்தி. அவருடைய அப்பா அப்போது மத்திய நிதியமைச்சர். ட்வீட் போட்டவருக்கு எத்தனை ஃபாலோயர்ஸ் தெரியுமா? பதினாறு பேர். நம்ம வீட்டு ஃபேமிலி குரூப்ல அதைவிட அதிகம் பேர் இருக்காங்க. நவம்பரில் பால் தாக்கரே இறந்ததையொட்டி மும்பை ஏன் ஸ்தம்பிக்கணும்னு பால்கர்ல ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்ல கேட்டார். அவரைக் கைது செய்தார்கள். அதுக்கு லைக் போட்ட தோழியையும் சேர்த்து. லைக்குக்குக் கைது!

இந்த நேரத்தில் எதிர்க்கட்சிகள் என்ன செய்தன என்று பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கும். 2012 மே மாதம், இணையத்திலிருந்து பதிவுகளை 36 மணி நேரத்தில் நீக்க வைக்கும் 2011ஆம் ஆண்டு விதிகளை ரத்து செய்யக் கோரி மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் மார்க்சிஸ்ட் எம்.பி. பி. ராஜீவ். அதற்கு ஆதரவாகப் பேசியவர் பாஜகவின் அருண் ஜெட்லி. எமர்ஜென்சி காலத்தில் இன்டர்நெட் இருந்திருந்தால் அது தோற்றுப்போயிருக்கும் என்ற அர்த்தத்தில் பேசினார். ரெண்டு துருவமும் ஒரே பக்கம். தீர்மானம் தோற்றது, அது வேற விஷயம். அதே வருடம் ஆகஸ்டில், வதந்தி பரவி வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரிலிருந்து கூட்டம் கூட்டமாக ரயிலேறிய சமயத்தில், மத்திய அரசு சில ட்விட்டர் கணக்குகளை முடக்கியது. அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி அதைக் கண்டித்து ட்விட்டரில் தன் புரொஃபைல் படத்தைக் கறுப்பாக்கினார்.

அடுத்து ஆட்சி மாறுச்சு. 66ஏ-வை எதிர்த்து சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது மோடி அரசுதான் இருந்தது. அந்த அரசின் வக்கீல் போய் 'இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. பிரிவு இருக்கட்டும், நாங்கள் நியாயமாகப் பயன்படுத்துவோம் என்று உறுதி கொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பு. நீதிபதிகள் செல்லமேஸ்வர், நரிமன். பிரிவையே ரத்து செய்தார்கள். அந்த உறுதிமொழிக்கு அவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு இந்தத் தீர்ப்பிலேயே பிடித்த இடம். அரசுகள் வரும், போகும், பிரிவு நிற்கும். இன்றைய அரசு கொடுக்கும் வாக்கு நாளைய அரசைக் கட்டுப்படுத்தாது. சாராம்சம் அவ்வளவுதான். தீர்ப்பு வந்ததும் ப. சிதம்பரம் அதை வரவேற்று, பிரிவு சரியாக எழுதப்படவில்லை என்றார். சார், அது 2008லேயே தெரிஞ்சிருக்கலாம்.

இடதுசாரிகள் பரவாயில்லையோன்னு நினைச்சா, கேரளா போங்க. அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் ரத்தானது. 2020 நவம்பரில் மார்க்சிஸ்ட் தலைமையிலான அரசு 118ஏ என்று புதிதாக ஒன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. பெண்களை ஆன்லைனில் கேவலப்படுத்துகிறவர்களைத் தடுக்கத்தான் என்றார்கள். நோக்கம் நியாயம்தான், ஆனா எழுதியிருந்த விதத்துல யாரை வேணும்னாலும் பிடிக்கலாம். மூன்று ஆண்டு வரை சிறை, இல்லை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ராஜீவ் எந்தக் கட்சி எம்.பி.யாக டெல்லியில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாரோ அதே கட்சி! ஊரே கத்தினதும், கவர்னர் கையெழுத்துப் போட்ட ரெண்டே நாள்ல முதல்வர் பின்வாங்கிட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அவங்களுக்கு மார்க் போடுவேன். பின்வாங்கறதும் ஒரு குணம், எல்லாக் கட்சிக்கும் அது வராது.

நம்ம ஊரையும் விட வேண்டாம். 2014ல ஜெயலலிதா ஆட்சியில் குண்டர் சட்டத்தில் சைபர் குற்றவாளிகளையும் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க முடியும். அதுக்கப்புறம் ஆட்சி மாறியது. அந்த வார்த்தை சட்டத்தின் பெயரிலேயே இன்னும் இருக்கிறது.

66ஏ-க்கே இன்னொரு பகுதி இருக்கு. 2015ல ரத்தானதோட முடிஞ்சதுன்னு நினைப்போம். புரொடக்ஷன்ல டெலீட் பண்ணின கோட் பழைய சர்வர்ல மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும் பாருங்க, அந்த மாதிரி ஆச்சு. 2021ல பி.யு.சி.எல். அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு: 11 மாநிலங்களில் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் அந்தப் பிரிவில் நிலுவையில் இருந்தன. செத்துப்போன சட்டத்தில்! அட்டர்னி ஜெனரல் கொடுத்த விளக்கத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே அச்சாகிறது, ரத்தானது என்பது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது, போலீஸ் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. யாரையும் இந்தப் பிரிவில் விசாரிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஜாதவ்பூர் பேராசிரியர் வழக்கிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில். ஒரு கார்ட்டூன் ஃபார்வர்டுக்கு ஏறக்குறைய பதினோரு வருஷம். பதிவு செய்யறது எந்தக் கட்சி ஆட்சியிலயும் நடந்தது, வாபஸ் வாங்கற அவசரம் எந்தக் கட்சிக்கும் இல்ல.

இப்ப ரூம்மேட்டுக்கு வரேன். அவன் கட்சி ஆட்சிக்கு வந்தது. கொஞ்ச நாள்ல எதிர்த்தரப்புப் பையன் ஒருத்தன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், ஒரு வீடியோவுக்காகக் கைதானான். நம்மாளு அந்தச் செய்தியை ஷேர் பண்ணி மூணு சிரிக்கற எமோஜி போட்டிருந்தான். பார்த்ததும் போன் பண்ணினேன். "டேய், அந்த ராத்திரி ஞாபகம் இருக்கா?" "மச்சான், அது வேற, இது வேற. இவனுங்க பண்றது அவதூறு." உன்னைக் கூப்பிட்டவரும் அவதூறுன்னுதானே எழுதிக் கொடுத்தார்னு கேட்டேன். பேச்சு மாத்திட்டான்.

அவனைக் கெட்டவன்னு சொல்லல. எனக்கு உடம்பு சரியில்லாதப்போ கஞ்சி வெச்சுக் கொடுத்தவன் அவன். கட்சியும் அவனை மாதிரி ஆளுங்களால ஆனதுதானே. அதான் எனக்குப் பயம்.

அதனால தங்கச்சி, கட்சிப் பேர் சொல்ல மாட்டேன். ஆனா ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஒரு கேள்வி கேளு. "கருத்துரிமைக்கு ஆதரவா"ன்னு கேட்காதே, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. "நீங்க எதிர்க்கட்சியா இருந்தப்போ எதிர்த்த எந்தச் சட்டத்தை ஆட்சிக்கு வந்ததும் நீக்கினீங்க?"ன்னு கேளு. ஒரு சட்டத்தோட பேர் சொன்னா, வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கோ. புதுசா போட்டியிடற கட்சின்னா, உங்களைத் திட்டி மீம் போட்டவன் மேல உங்க ஆள் புகார் கொடுத்தா என்ன செய்வீங்கன்னு கேளு. உங்க தொகுதில இதைக் கேட்டவங்க என்ன பதில் வந்ததுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா இருந்தாலும் சரி, மொக்கையா இருந்தாலும் சரி, அடுத்த எபிசோட்ல போடறேன்.

ரூம்மேட்டுக்கும் இதே கேள்வியை அனுப்பியிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்து மூணு நாள் ஆச்சு.