கோல் விழுந்த நேரம் உம்மா கடையில்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளே, சங்கத்தின் ராத்தாமாரே, தங்கைமாரே, இன்றும் இந்தக் கல்லூரியின் சீருடையில் இருக்கும் மகள்மாரே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் உம்மாமாரே,

விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று பயமுறுத்திவிட்டுத்தான் போவார் என்று நீங்கள் நினைப்பது நியாயம். அதையும் கொஞ்சம் சொல்வோம். அதற்கு முதல் ஓர் உம்மாவைப் பற்றிச் சொல்கிறோம்.

இந்தியாவில் லக்னோ நகரத்தில், தோப்கானா பஜாரில், காய்கறி வண்டி வைத்து வியாபாரம் செய்யும் குடும்பம் அது. அவர்களுடைய மகள் மும்தாஸ் கான் ஹொக்கி விளையாடுபவர். 2022 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பொச்சஃப்ஸ்ட்ரூமில் பெண்களுக்கான இளையோர் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி கால் இறுதியில் இந்தியா தென் கொரியாவைச் சந்தித்தது. முதல் கோலைப் போட்டவர் மும்தாஸ். மூன்றுக்குப் பூச்சியம் என்று இந்தியா வென்றது.

அந்த நேரம் உம்மா எங்கே? காய்கறி வண்டியடியில். நோன்பு மாதம், அதிலும் வெள்ளிக்கிழமை. வியாபாரம் நெருக்கமாக நடக்கும் நேரத்தில் தராசைப் போட்டுவிட்டு யார் மட்ச் பார்ப்பது? வாப்பா பள்ளிவாசலில். வீட்டிலே சகோதரிகள் மட்டும் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தார்கள். உலகமே பார்த்த கோலைப் பெற்ற தாயும் தந்தையும் பார்க்கவில்லை.

பிறகு பத்திரிகைக்காரர் போய்க் கேட்டபோது அந்த உம்மா கவலைப்பட்டு அழவில்லை. பார்க்க ஆசைதான், ஆனால் பிழைப்பையும் பார்க்க வேண்டுமே, இன்னும் எத்தனையோ கோல் போடுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தில்தான் பதில் சொன்னார். எங்களுக்கு அதை வாசித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அசல் நமது மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் உம்மாவின் பேச்சு! மகள் உலகக் கிண்ணத்தில் நின்றாலும் கறிக்கு நேரமாகிவிட்டது என்பவர்கள் அல்லவா நாம்.

ஆனால் அந்த உம்மாவின் நம்பிக்கை வீண்போகவில்லை. அந்தச் சுற்றில் மும்தாஸ் மொத்தம் எட்டுக் கோல் போட்டார். மூன்றாம் இடத்துக்கான போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா போட்ட இரண்டு கோலும் அவருடையவை. ஷூட்அவுட்டில் தோற்று அணி நான்காம் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு சர்வதேச ஹொக்கி சம்மேளனம் உலகின் சிறந்த வளர்ந்துவரும் வீராங்கனையாக அவரைத் தெரிவு செய்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாய்க்கு விளையாட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. பெனால்டி கோர்னர் என்றால் என்ன என்று அவரிடம் எவரும் கேட்கவும் இல்லை. பாடசாலை ஓட்டப் போட்டியில் பிள்ளையின் வேகத்தைக் கண்டு ஹொக்கிக்கு அனுப்பச் சொன்னவர்கள் பயிற்றுநர்கள். பெற்றோர் செய்தது இரண்டு காரியம். போக விட்டார்கள். பெண் பிள்ளையை விளையாட விடுகிறீர்களே என்று அயலவர்கள் குத்திப் பேசியபோது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது காரியம்தான் பாரமானது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஹொக்கி என்றால் நமது நாட்டில் மாத்தளைதான் நினைவுக்கு வரும். நமது கரையில் உதைபந்தும் கிரிக்கெட்டும். இந்தக் கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்தது வலைப்பந்தும், எல்லேயும், வருடம் ஒருமுறை இல்ல விளையாட்டுப் போட்டியும். போட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் வென்றதா தோற்றதா என்று உம்மா கேட்கமாட்டார். "முகமெல்லாம் கறுத்துப் போச்சே!" என்பதுதான் முதல் வார்த்தை. முழங்காலில் உரஞ்சல் இருந்தால் மூத்தம்மா மாப்பிள்ளை வீட்டாரை நினைத்தே கவலைப்படுவார்.

அன்றைய பயத்துக்குக் காரணமும் இருந்தது. தொண்ணூறுகளில் படித்தவர்கள் நாங்கள். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் இருந்த காலத்தில், பொழுது சாயும் முன் பிள்ளை வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளை பெரியபிள்ளையானதும் மைதானம் முடிந்துவிடுகிறது. பதினொரு வயதில் ஊரையே சுற்றி ஓடியவள் பதினான்கு வயதில் ரியூஷன் வகுப்பு வாங்கிலிலிருந்து வீட்டுக் கதிரைக்கும், கதிரையிலிருந்து கட்டிலுக்கும்தான் நடக்கிறாள்.

இனி வைத்தியராகக் கொஞ்சம் பேசுவோம். ஒரு பெண்ணின் எலும்புப் பலத்தில் சுமார் 90 சதவீதம் பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓடுவதும் குதிப்பதும்தான் எலும்புக்கு வேலை கொடுப்பவை. அந்த வயதில் சேர்க்காததை ஐம்பது வயதில் கல்சியம் குளிசையால் முழுதாக ஈடுசெய்ய முடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைப் பார்த்தபோது, 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 சதவீதமானோரும் ஆண் பிள்ளைகளில் 78 சதவீதமானோரும் அந்த அளவை எட்டவில்லை. ஆக, இது நமது ஊரின் குறை மட்டுமல்ல. ஆனால் நமது ஊரில் நாம் திருத்தக்கூடிய குறை.

ஓடினால் கர்ப்பப்பை இறங்கும், பிள்ளைப்பேறு தடைப்படும் என்று இன்றும் எங்களிடம் கேட்கிறார்கள். ஆரோக்கியமான பிள்ளை விளையாடுவதால் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. மாதவிடாய் நாட்களிலும் உடம்பு இடங்கொடுத்தால் விளையாடலாம். பலருக்கு வயிற்று வலி குறையும். பிள்ளை சீக்கிரம் களைத்துப்போனால் விளையாட்டை நிறுத்துவதற்கு முதல் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். அது மருந்தாலும் சாப்பாட்டாலும் தீரும்.

உடையைப் பற்றிய கேள்வியும் நியாயமானது. மலேசியப் பெண்கள் ஹொக்கியில் தலையை மூடி, முழுக்கை, நீளக் காற்சட்டை அணிந்து சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர்கள் இருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் 2014ஆம் ஆண்டிலும், கூடைப்பந்தாட்டத்தில் 2017ஆம் ஆண்டிலும் தலை மறைப்பு அனுமதிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களோடு ஆயிஷா (ரலி) அவர்கள் ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸை நாமெல்லோரும் இந்தக் கல்லூரியிலேதான் படித்தோம். படித்துப் புள்ளியும் வாங்கினோம்.

ஆகையால் சங்கத்திடம் நாங்கள் வைப்பது சிறிய கோரிக்கைகள். கிழமையில் மூன்று நாள், பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம், மதிலுக்குள் இருக்கும் நமது மைதானம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கட்டும். பெண் பயிற்றுநர் ஒருவருக்கான கொடுப்பனவைப் பழைய மாணவிகள் நாம் பகிர்ந்துகொள்வோம். சப்பாத்து வாங்க வசதியில்லாத பிள்ளைக்குப் பெயர் வெளியில் தெரியாமல் சப்பாத்துப் போகட்டும். பயிற்சி முடிந்து வீடு போக நம்பிக்கையான ஒரு வேன் ஒழுங்காகட்டும். சப்பாத்தும் வேனும் இல்லாமல்தான் பல பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

உம்மாமாரே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. மைதானத்துக்கு வந்து கை தட்டுங்கள் என்று கட்டாயப்படுத்தவில்லை. கடையிருக்கும், அடுப்பிருக்கும், கைக்குழந்தை இருக்கும். லக்னோ உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அயல் வீட்டு மாமி "இவள இன்னமும் ஓட விடுறியா புள்ள?" என்று கேட்கும்போது, "ஓம் மாமி, டொக்டர்தான் ஓடச் சொன்ன" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தப் பழியை ஏற்க இந்தச் சங்கத்தில் வைத்தியர்கள் போதியளவு இருக்கிறோம்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குத் தேகசுகத்தைத் தருவானாக.