ஏரிக்கரையில் நொச்சியும் தாழையும்

மங்களூர் வட்டாரத்தில், 1923-ல் கட்டி முடிந்த வெலிங்டன் ஏரி முதல் ஊர்க்குளம் வரை, கரை உறுதியாயிருந்தாலன்றிப் பயிரில்லை.

நீரோரத்தில் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்கு அமெரிக்காவினின்று வந்தது. அதன் பூவைக் கண்டு மயங்கற்க. ஒடிந்த துண்டும் ஈரத்தில் வேர்விடும். இலை ஆடுகளுக்கு நஞ்சு. கோடையில் வேரோடு பிடுங்கி உலர்த்தி எரித்துவிடுக.

அவ்விடத்தில், ஐப்பசி மழை தொடங்கியதும் நம் நாட்டு நொச்சிப் போத்துகளை நடுக. வேர் மண்ணைப் பிணைக்கும், ஆடுகள் கடியா, குச்சி கூடை முடைய உதவும், உலர்ந்த இலை குதிரில் பூச்சியை விலக்கும். அலை மோதுமிடத்தில் தாழை வைப்பின் அதன் விழுதுகள் கரையைத் தாங்கும்; மணமுள்ள மடலும் கிடைக்கும். மதகருகே மட்டும் எதையும் நடலாகாது.

ஒருவர் பிடுங்க, அடுத்தவர் விட்டுவைத்தால் களை மீளும். ஆகையால் இதனைச் சங்க வேலையாகவே மேற்கொள்வோமாக.