கலைஞரும் உழைப்பாளியே

(திருவனந்தபுரம் தம்பானூரில் நடைபெற்ற கலைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் கூடியிருக்கும் தம்பானூரில் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. அருகிலேயே மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கைரளி, ஸ்ரீ, நிலா திரையரங்குகள் உள்ளன. திரையில் நாயகனாகத் தோன்றுபவரை நாடே அறியும். அவருக்குப் பின்னால் கூட்டத்தில் நின்று நடித்துவிட்டு, நாளை வேலை உண்டா என்று தெரியாமல் இரவுப் பேருந்துக்குக் காத்திருப்பவரை யாரும் அறியார். நமது பேச்சு இவரைப் பற்றியது.

கலைஞர் கூலி கேட்டால், "வாய்ப்புக் கொடுத்ததே பெரிது" என்கிறார்கள். கலை என்பது சேவை, தவம் என்று புகழ்கிறார்கள். இந்தப் புகழுரை ஊதியத்தை மறைக்கும் திரை. தன் பாட்டைத் தானே விற்கும் பாடகியையும், முதலாளியின் லாபத்துக்காக அமர்த்தப்பட்டுப் பாடும் பாடகியையும் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டினார். பாட்டு ஒன்றுதான், உற்பத்தி உறவு வேறு. இரண்டாமவர் முதலாளிக்கு உபரியை ஈட்டித் தருகிறார். ஆலைத் தொழிலாளிக்கு உரிய உரிமைகள் யாவும் அவருக்கும் உரியவை.

2017 பிப்ரவரியில் மலையாள நடிகை ஒருவர் கடத்தித் தாக்கப்பட்டார். அதன்பின் ஒன்றுதிரண்ட திரையுலகப் பெண்களின் கோரிக்கையை ஏற்று, கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. 2019 டிசம்பர் 31 அன்று அளிக்கப்பட்ட அறிக்கை, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் பொதுவெளிக்கு வந்தது. பாலியல் கொடுமைகளைப் பற்றிய பகுதிகளை ஏடுகள் விரிவாக எழுதின. அதே அறிக்கையில் உள்ள உழைப்பின் கதை போதிய கவனம் பெறவில்லை. படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் நீர் அருந்தாமலே வேலை செய்கிறார்கள். உடை மாற்ற மறைவிடம் இல்லை. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை. துணை நடிகர்களின் கூலியில் இடைத்தரகர் பங்கு எடுக்கிறார். எதிர்த்துக் கேட்டால் அடுத்த படம் இல்லை. வேலை நிரந்தரமற்று இருப்பதே அத்துமீறலுக்கும் துணைபோகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

திரையின் நிலை இது. மேடையின் நிலை என்ன? நமது தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எனத் தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். மேடையில்தான் பலரும் சந்திக்கிறார்கள். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். உடை, ஒப்பனைச் செலவு கலைஞருடையது. மாசி, பங்குனி தொடங்கிச் சில மாதங்களே திருவிழாக் காலம். அந்த வருவாயைக் கொண்டுதான் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிய வேண்டும். 2020இல் ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனி மாதத்தில். ஓராண்டின் வாழ்வாதாரமே கையைவிட்டுப் போயிற்று. வாரியங்கள் தரும் ஓய்வூதியமும் உதவித்தொகையும் தேவைதான். ஆயினும் அவை ஊதிய உரிமைக்கு ஈடாகா.

சட்டம் என்ன சொல்கிறது? எழுத்துப்பூர்வ ஒப்பந்தமின்றித் திரைத்தொழிலாளியை அமர்த்தக் கூடாது என 1981ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் விதித்தது. நடிகரும் நடனக் கலைஞரும் இசைக் கலைஞரும் அதில் அடங்குவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பலர் வாய்மொழியை நம்பியே வேலைக்குப் போகிறார்கள். மோடி அரசோ 2020இல் அந்தச் சட்டத்தைத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டது. நாடக மேடைக்கு அத்தகைய சட்டக் காப்புகூட இருந்ததில்லை. சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் காகிதமாகவே கிடக்கும்.

மேடைக் கலைஞரால் போராட முடியுமா என ஐயுறுவோர் நமது வரலாற்றைப் பார்க்கட்டும். மருத்துவர் சமூகத்தில் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ் சாதி இழிவைத் தாங்கிக்கொண்டு, சிறைக்கு அஞ்சாமல் மேடையில் விடுதலைப் பாடல்களைப் பாடினார். 1940இல் முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர்துறந்தார். அவருடன் மேடையேறிய தோழர் கே.பி. ஜானகி அம்மாள் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். போர் எதிர்ப்புப் பேச்சுக்காகச் சிறை சென்றார். நாடகத்தில் ஈட்டிய செல்வத்தை இயக்கத்துக்கு ஈந்தார். 1967இல் மதுரை கிழக்கிலிருந்து சட்டமன்றம் சென்றார். கூத்தாடி என்று ஏளனம் செய்யப்பட்ட தொழிலிலிருந்துதான் இத்தகைய தலைவர்கள் எழுந்தார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு வேலைக்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். தரகரின்றிக் கலைஞரின் கைக்கே ஊதியம் சேர வேண்டும். கழிப்பறை, உடை மாற்றும் இடம், பாதுகாப்பான இரவுப் பயணம் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு செயல்பட வேண்டும். வேலையற்ற மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும்.

இக்கோரிக்கைகளை அரசின் முன் வைக்கும் நாம், நமது மாநாட்டு மேடைகளிலிருந்தே அவற்றைத் தொடங்குவோம். பறை இசைக்கும் தோழருக்கும் பாடும் தோழருக்கும் பொன்னாடையோடு நின்றுவிடாமல், பேசிய ஊதியத்தை அன்றே வழங்குவோம். அவர்களைச் சங்கத்தில் உறுப்பினராக்குவோம். கைதட்டலுக்குப் பின்னும் கலைஞருக்குப் பசிக்கும் என்பதை மறவாதிருப்போம்.