ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

1816-ஆம் ஆண்டு. ஜோர்ஜ்டவுனில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கிய அந்த ஆண்டிலேயே அங்கே தமிழ் வகுப்பும் நடந்தது. மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் கொண்டாடுவது அதைத்தான்.

இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் எல்லாமே ஆறாம் ஆண்டு வரைதான். நாட்டில் எங்குமே தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லை. பதின்மூன்று வயதில் பிள்ளை மலாய்மொழிப் பள்ளிக்கு மாறுகிறது. மலாய்மொழியில் தேர்ச்சி குறைந்தவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதல். கூடப் படித்தவன் முதலாம் படிவத்தில் இருக்க, தான் பின்தங்கி நிற்பது அந்த வயதில் சிறிய வலியல்ல. வீட்டில் வறுமையும் சேர்ந்தால், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பலர் இப்படித்தான் நழுவினார்கள்.

எஸ்.பி.எம். தேறியவருக்கும் பாதை சமமில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டு மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடங்கள் மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு. மற்ற எல்லா இனத்தாருக்கும் சேர்த்துப் பத்து. கிடைக்காதவர் பல்கலைக்கழக நுழைவுக்கான மற்றொரு வழியான எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு ஒன்றரை ஆண்டு படிக்க வேண்டும், அல்லது கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போக வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளையிடம் இடமில்லை என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எவருக்கும் இனபேதமின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டென அறிவித்தார். நல்ல செய்தி. ஆனால் ஆறு ஏ, ஏழு ஏ எடுத்த பிள்ளைகளுக்கு அந்தப் பத்து விழுக்காட்டுப் போட்டி அப்படியே இருக்கிறது. பெற்றோரே, பிள்ளைகளை மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். இரண்டுக்குமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.